கைக்குள் அடங்கும் பாட்டுப்பெட்டி

மார்ச் 5, செவ்வாய்

கம்பெனி ஸ்டோரில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள் என்று மூன்று மணிக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போதே வலது காது மெஷினில் பேட்டரி தீர்ந்தது. ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டால் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்ட மாதிரி இருக்கும். இடதையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். உலகம் பஞ்சுக்குள் போய்விட்டது.

சாவி போட்டுக் கதவைத் திறந்தேன். ஹாலில் மனைவி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஏதோ ஆபீஸுக்கு நாற்பது திரைச்சீலை, சாம்பல் நிறம். துணி மெஷினிலிருந்து தரைவரை வழிந்து கிடந்தது. பெடலை மிதித்துக்கொண்டே தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. காதிலிருந்து ஒரு வெள்ளை ஒயர் இறங்கி மடியில் இருந்த போனுக்குப் போயிற்று.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவள் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் இரண்டு பேருக்குமே காது கேட்கவில்லை.

தற்செயலாகத் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் ஒயரைப் பிடுங்கி, நூல்கண்டு டிராயருக்குள் தள்ளி, மூடினாள். அவ்வளவு வேகம். உதட்டைப் பார்த்துத்தான் நான் பேச்சைப் பிடிக்கிறேன் என்பதால் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "பொண்ணுகிட்ட பேசிட்டிருந்தேன்."

போனில் பேசுகிறவர்களுக்குத் தலை அப்படி ஆடாது.

"சரி" என்றேன். போய்க் கை கால் கழுவினேன்.

மார்ச் 6

பாட்டுக் கேட்பதை என்னிடம் மறைக்கிறாள். ஐம்பத்திரண்டு வயதில், பள்ளிக்கூடப் பெண் கடிதத்தை ஒளிக்கிற மாதிரி. எத்தனை நாளாக? இல்லை, எத்தனை வருஷமாக?

மார்ச் 8, வெள்ளி

ஸ்டோரில் போல்ட் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்துவிட்டது.

ஐந்து வருஷம் முன்னால், காது மெஷின் வாங்கிய முதல் வாரம். மாட்டிக்கொண்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பியிருந்தேன். பேச்சு ஓரளவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே ஸ்டீரியோவில் எங்களுக்குப் பிடித்த மழைப் பாட்டைப் போட்டாள். போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பரிசுப் பொட்டலத்தைப் பிரிப்பதைப் பார்க்கிற மாதிரி.

தார் ரோட்டில் தகரத்தை இழுத்துக்கொண்டு போகிற சத்தம். நடுவில் யாரோ இருமுகிறார்கள். அதைப் பாடுகிற பெண்ணின் குரல் எங்கே? எனக்கு மனப்பாடமான அந்தக் குரல்?

"நிறுத்துடி அந்த எழவை" என்று கத்தினேன்.

நிறுத்தினாள். கொஞ்ச நாள் கழித்து ஸ்டீரியோ மேல் ஒரு திரைத்துணி விழுந்தது. அதன் மேல் இஸ்திரிப் பெட்டி வந்து உட்கார்ந்தது. சிடிக்கள் எல்லாம் அட்டைப்பெட்டியில் பரணுக்கு ஏறின. வீட்டில் பாட்டு இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்குக் கேட்காததால் இல்லை என்றே ஆகிவிட்டது. அவளுக்குக் கேட்கும் என்பது எப்படி மறந்தது?

மார்ச் 10, ஞாயிறு

மகளுக்கு மெசேஜ் போட்டேன். அவள் இருக்கும் ஊர் தூரம். போன் பேச்சு எனக்குப் பிடிபடாது என்பதால் எங்களுக்குள் எல்லாம் எழுத்துத்தான். வீட்டில் அம்மா பாட்டுக் கேட்க ஒரு வழி வேண்டும், ஸ்டீரியோவில் சிடி சுற்றுகிற மோட்டார் செத்துவிட்டது, ஆனால் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன என்று எழுதினேன்.

"என் ரூம் டிராயர்ல பாருங்க. காலேஜ் ப்ராஜெக்ட் போர்டு ஒண்ணு இருக்கும். சீட்டுக்கட்டு சைஸ். அது முழு கம்ப்யூட்டர்பா. அதுல பாட்டை ஏத்தி ஸ்டீரியோவோட இணைச்சுட்டா, அம்மா போன்லேர்ந்தே வேணுங்கறதைப் போட்டுக்கலாம்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "உங்களுக்கு இல்லையாப்பா?"

"அம்மாவுக்கு" என்று போட்டேன். அம்மாவிடம் சொல்லாதே என்றும் போட்டேன்.

மார்ச் 13, புதன்

காலேஜ் நோட்டுகளுக்கு அடியில் ஒரு சோப்பு டப்பாவுக்குள் இருந்தது. பச்சை போர்டு. உள்ளங்கையில் வைத்தால் விரல்கள் மிச்சம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு லிஃப்டின் மூளை பீரோ அளவுக்கு இருக்கும். மொட்டைமாடி மெஷின் ரூமில் அது நிற்கும். லிஃப்ட் மாடி தாண்டும்போதெல்லாம் உள்ளே ரிலே சுவிட்சுகள் டக் டக்கென்று தட்டும். அந்தத் தட்டலை வைத்தே எந்த மாடியில் வந்து நிற்கிறது, எந்த ரிலே சோர்ந்து போயிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் மொத்த வித்தையும் காதில்தான் இருந்தது. அது போனதும் லிஃப்ட் ஏறி இறங்குகிற ஷாஃப்டிலிருந்து இறக்கி ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. உள்ளே ஆள் கத்தினால் கேட்காதவனை ஷாஃப்டுக்கு எப்படி அனுப்புவது?

இந்தப் போர்டு தட்டாது, முனகாது. ஒரு சிவப்புப் புள்ளி, ஒரு பச்சைப் புள்ளி, அவ்வளவுதான். எனக்கு ஏற்ற மெஷின்.

மார்ச் 16, சனி

மகள் படிப்படியாக எழுதி அனுப்புகிறாள். மெமரி கார்டில் எதையோ இறக்கி, அதைப் போர்டின் வயிற்றில் செருகினேன். தலையில் ஒரு சின்ன சவுண்ட் கார்டு. அவள் விட்டுப்போன பழைய மானிட்டரில் எழுத்து ஓடிற்று. எனக்கு வியர்த்துவிட்டது, முதல் தடவை தனியாக லிஃப்டை ஓட்டிப் பார்த்த நாள் மாதிரி.

மூலையில் மஞ்சள் மின்னல் குறி ஒன்று வந்து வந்து போனது. கேட்டேன்.

"கரண்ட் பத்தலன்னு அர்த்தம். போன் சார்ஜரைப் போட்டீங்களா?"

போட்டேன்தான். ஓடுகிறதே, போகட்டும் என்று விட்டேன். இதையே எந்த பில்டிங் வாட்ச்மேனாவது சொல்லியிருந்தால் அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன்.

வீட்டு வைஃபையில் அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமாம். 'லிஃப்ட்' என்று வைத்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ்கள் காலியாக இருக்கும் என்பதால் அன்றுதான் அவள் ஜன்னல் அளவெடுக்கப் போவாள். அவள் படியிறங்கியதும் பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினேன். இருநூற்றுப் பதினான்கு சிடி. ஒன்றை மகளின் பழைய கம்ப்யூட்டரில் போட்டு, போர்டில் மாட்டுகிற தனி டிஸ்கில் இறக்க ஆறு நிமிஷம். மதியத்துக்குள் பத்தொன்பதுதான் முடிந்தது.

வேலை வேகமாக நடக்காததற்குக் காரணம் மெஷின் இல்லை. ஒவ்வொரு உறையையும் எடுத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சிலவற்றில் அவள் கையெழுத்து. கேசட்டாக இருந்ததை அப்புறம் சிடியாக மாற்றியவை. கேசட்டுக்கு முன்னால் அது ஒரு காகிதமாக இருந்தது. பாட்டுப் பதிவு பண்ணித் தருகிற கடைக்குப் பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு போவோம், அறுபது நிமிஷக் கேசட்டுக்குப் பன்னிரண்டு பாட்டு. எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது வர வேண்டும் என்று இரண்டு நாள் சண்டை. சோகப் பாட்டுக்கு அடுத்து உடனே குத்துப் பாட்டு வரக்கூடாது என்பாள் அவள். நடுவில் மூச்சுவிட ஒன்று வேண்டுமாம். எவ்வளவு கணக்குப் போட்டாலும் ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். பாதியில் அறுந்ததையே பழகி, வேறெங்காவது அதே பாட்டு முழுசாக வந்தால் இரண்டு பேரும் அந்த இடத்தில் ஒரு நொடி திடுக்கிடுவோம்.

இறக்கும்போது எதுவும் கேட்கவில்லை. திரையில் ஒரு நீலக் கோடு மட்டும் நகர்ந்தது. ஆனாலும் ஒவ்வொரு பாட்டின் பெயரும் வரும்போது உள்ளே அது ஓடிற்று, சுத்தமாக, தகரம் இல்லாமல்.

மார்ச் 24, ஞாயிறு

அறுபத்து மூன்று முடிந்தது.

ஒரு சிடியில் அந்தப் பாட்டு இருந்தது. எங்கள் கல்யாணத்துக்குக் காரணம் அது.

ஏழு மாடி ஆபீஸ் கட்டடம். மாதம் ஒருமுறை அங்கே எனக்கு வேலை. ஷாஃப்டுக்குள் பாடுவது போல ஒரு சுகம் உலகத்தில் கிடையாது. குரல் மேலே போய், இடித்து, இரண்டாகத் திரும்பி வரும். குளியலறையெல்லாம் அதன் கால்தூசி. நான் எனக்காகப் பாடிக்கொண்டிருந்தேன். அது எல்லா மாடிக் கதவிடுக்கிலும் கசிந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது.

ஒருநாள் மூன்றாவது மாடிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது சரணத்தில் இருந்தேன். கதவிடுக்கிலிருந்து ஒரு பெண் குரல்: "அது நிலா இல்லைங்க, நிழல்."

"எது?"

"மூணு மாசமா தப்பாவே பாடறீங்க. ரெண்டாவது வரி. நிழல்."

வீட்டுக்குப் போய்க் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். நிழல்தான். அடுத்த மாதம் சரியாகப் பாடினேன், அதே மாடியில், கொஞ்சம் சத்தமாகவே. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தட்டிக்கொண்டிருந்த டைப்ரைட்டர் நின்றது.

ஒரு வருஷம் கழித்துக் கல்யாணம். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் என்னைக் காதால் பார்த்தவள். அவளிடம் போய் நிறுத்துடி எழவைன்னு… எப்படிடா வாய் வந்துச்சு உனக்கு.

மார்ச் 31, ஞாயிறு

எல்லாவற்றையும் ஸ்டீரியோவோடு இணைத்தாயிற்று. திரையில் பாட்டு ஓடுகிற குறி. ஸ்பீக்கர் வலைமேல் உள்ளங்கையை வைத்தேன், அதிர்ந்தது. பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று மோட்டார்மேல் கை வைத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி. ஆனால் வருவது பாட்டா, இரைச்சலா? கைக்குத் தெரியவில்லை.

நெட்டையனுக்குச் சொல்லி அனுப்பினேன். பதினெட்டு வருஷம் என்னோடு ஒரே வண்டியில் வேலைக்கு வந்தவன். ஆறடி இரண்டங்குலம், போகிற மெஷின் ரூம் வாசலிலெல்லாம் நெற்றியில் இடித்துக்கொண்டவன்.

"என்னடா விஷயம்?"

"ஒரு மணி நேரத்துக்கு உன் காதைக் கடன் குடு."

ஸ்பீக்கர் முன்னால் மடங்கி உட்கார்ந்து கேட்டான். "பாட்டு வருது. கூடவே ஒரு கொசுவும் பாடுது."

மஞ்சள் மின்னல் ஞாபகம் வந்தது. தெருமுனைக் கடைக்குப் போய் நல்ல அடாப்டர் வாங்கி வந்து மாற்றினேன். கட்டைவிரலைத் தூக்கினான். "கொசு செத்துப்போச்சு."

வேலை முடிந்தது, எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். "இன்னொண்ணு போடேன்" என்றான். போட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். பாட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று அவன் புருவத்திலேயே தெரிந்தது.

முடிந்ததும் என் பக்கம் திரும்பிச் சொன்னான்: "அந்த ரிடையர்மென்ட் பார்ட்டில நீ பாடினியே."

ஆறு வருஷம் முன்னால், எங்கள் ஃபோர்மன் ரிடையரான நாள். பாடப் பாட எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். சுருதி எங்கோ போய்விட்டது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அதற்கப்புறம் நான் வாய் திறக்கவில்லை.

"அதுக்கு மறுநாள்லேர்ந்து ஷாஃப்ட்ல நீ பாடவே இல்ல. நான் ஏன்னு கேக்கவும் இல்ல."

"கேக்கல."

"கேட்டிருக்கணும்டா." போகும்போது வாசலில் இடித்துக்கொண்டான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு அவள் வந்தாள். இஸ்திரிப் பெட்டியை நகர்த்தி, திரைத்துணியை எடுத்து, ஸ்டீரியோவைத் துடைத்து வைத்திருந்தேன். பக்கத்தில் சோப்பு டப்பாவுக்குள் போர்டு. அவள் செருப்பைக் கழற்றும்போது மழைப் பாட்டைப் போட்டேன்.

அப்படியே நின்றாள், ஒரு கால் செருப்போடு. அப்புறம் நேராக வந்து ஸ்டீரியோவின் பட்டனை அமுக்கி அணைத்தாள்.

முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ பேசினாள். ஒரு வார்த்தையும் எட்டவில்லை.

"திரும்பிச் சொல்லு."

திரும்பினாள். "எதுக்கு இது?"

"உனக்குத்தான். ஒயரை ஒளிச்சு வச்சுக் கேக்க வேணாம்னு."

"நீங்க கேக்காத பாட்டு எனக்கு மட்டும் எதுக்கு?"

"நான் அன்னிக்குக் கத்தினது தப்புதான்…"

"கத்தினதுக்காகவா நிறுத்தினேன்? அதுக்கப்புறமும் மெதுவாப் போட்டுப் பாத்தேன். நாலஞ்சு தடவை. பாட்டு ஓடினா நீங்க என் முகத்தையே பாப்பீங்க. பசிச்சவன் அடுத்தவன் தட்டைப் பாக்கற மாதிரி. அதைப் பாத்துக்கிட்டு என்னால கேக்க முடியல." கண் நிரம்பிவிட்டது. "இப்பவும் அப்படித்தான் பாத்தீங்க. இப்ப, இந்த நிமிஷம்."

பார்த்தேனா? பார்த்திருப்பேன்.

ஏப்ரல் 8

பெட்டி அணைந்தே கிடக்கிறது. இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறோம்.

ஏப்ரல் 10

பசிச்சவன் மாதிரி.

ஏப்ரல் 16, செவ்வாய்

பேட்டரி வாங்கக் காது கிளினிக்குக்குப் போனேன். அங்கே பரிசோதனை செய்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எப்போதும் 'எல்லாம் சரியா இருக்கா சார்' என்று கேட்பாள், 'சரி' என்பேன், வந்துவிடுவேன். இன்று உட்கார்ந்தேன். பாட்டு மட்டும் தகரமாகக் கேட்கிறது என்றேன்.

"அது உங்க காது மட்டும் இல்ல சார். மெஷினை நாம பேச்சுக்காக வச்சிருக்கோம். பேச்சு இல்லாத எதையும் இரைச்சல்னு நினைச்சு அமுக்கிடும். பாட்டுக்குன்னு தனியா ஒரு செட்டிங் போட்டுத் தரலாம்."

"ஏம்மா, இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

கம்ப்யூட்டரில் என் பழைய ஃபாரத்தைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினாள். ஒன்பதாவது கேள்வி: இசை கேட்கும் பழக்கம் உண்டா? 'இல்லை' என்ற கட்டத்தில் டிக். என் கையால் போட்ட டிக்.

அந்தப் பார்ட்டி முடிந்த சில மாதங்களில் நிரப்பிய ஃபாரம்.

அவள் அரைமணி நேரம் ஏதேதோ செய்தாள். மெஷினில் பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் பாட்டு செட்டிங். "பழையபடி வரும்னு சொல்ல மாட்டேன் சார். வேற மாதிரி ஒண்ணு வரலாம். நல்லாத் தெரிஞ்ச பாட்டா எடுங்க. ஒரு குரல், ஒரு வாத்தியம். தினம் பத்து நிமிஷம். மூளைக்கு மறந்துபோச்சு, அதுக்கு மறுபடி சொல்லித் தரணும்."

வீட்டில் சொன்னேன். ஃபாரம் விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இல்லைன்னா போட்டீங்க?"

"ஆமா."

"இருபது வருஷம் வாய் ஓயாமப் பாடின ஆளு, இல்லைன்னு போட்டாராம்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆயிற்று. எழுந்து போய் முகம் கழுவி வந்து, ஸ்டீரியோ பட்டனை அவளே அமுக்கினாள்.

ஏப்ரல் 17

பத்து நிமிஷம். குழலும் ஒரு குரலும். பழைய தகரம் இல்லை. ஆனால் இதுவும் பாட்டு இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலி நகர்த்துகிறார்கள்.

ஏப்ரல் 19

நாற்காலிதான்.

ஏப்ரல் 23

வேலையிலிருந்து வந்து டீ குடித்ததும் ஐந்தரைக்கு உட்காருகிறோம். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எதிரில் உட்காருகிறாள். என் பார்வையிலிருந்து தப்பிக்க அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்: நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். என் முழங்காலில் விரலால் தாளம் போடுகிறாள். குழல் வரும்போது ஒரு தட்டு, குரல் வரும்போது இரண்டு.

தாளம் முதலில் வந்து சேர்ந்தது. இன்று அவள் தட்டுவதற்கு முன்பே என் கால் ஆடியதாம்.

ஏப்ரல் 30

இரண்டு தட்டு. சத்தம் ஒரு மாதிரி நீண்டது, வளைந்தது, மேலே போயிற்று. அது பாட்டுக்காரப் பெண்தான். தொண்டை கட்டின மாதிரி இருக்கிறாள், ஆனால் அவள்தான்.

மே 12, ஞாயிறு

பத்து நாளாகக் கர்வத்தோடு இருந்தேன். எட்டுப் பாட்டு பிடிபட்டுவிட்டது, வார்த்தைவரைக்கும். மகளிடம் பெருமையடித்தேன். எனக்குத் தெரியாத புதுப் பாட்டு ஒன்று அனுப்பு என்றேன். அனுப்பினாள். போட்டேன்.

குப்பை லாரி. ஆரம்பம் எது, முடிவு எது, பாடுவது ஆணா பெண்ணா… ஒன்றும் இல்லை. மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் லாரி.

அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் நான் கேட்டது பாட்டை இல்லை. பெட்டி ஏதோ இரைகிறது, என் மண்டைக்குள் இருக்கிற பழைய பாட்டு அதன்மேல் ஏறி ஓடுகிறது. நானே எனக்குப் போட்டுக் காட்டிக்கிட்டிருந்திருக்கேன். முப்பது வருஷத்துக்கு முன்னாடி கேட்டதை.

காது மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டேன். அவள் வந்தாள். எழுதித்தான் சொன்னேன், வாயால் சொல்ல முடியவில்லை. படித்துவிட்டு, மெஷினை எடுத்து என் காதில் அவளே மாட்டிவிட்டாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த மழைப் பாட்டு நான் இப்பக் கேட்டா, எனக்கு நம்ம முதல் வீட்டு ஜன்னல்தான் தெரியுது. கம்பியில தண்ணி சொட்டும், நீங்க பக்கெட் வைப்பீங்க. பாட்டுல அது எங்க இருக்கு?"

மெஷினைக் காதில் சரியாக அழுத்திக்கொண்டேன்.

"பாதி பெட்டிலேர்ந்து வருது, பாதி நம்மகிட்டேர்ந்து போகுது. எனக்கும் அப்படித்தான். உங்களுக்குக் கொஞ்சம் கூட."

காதுக்கு ஒரு குறையும் இல்லாத அவள் சொல்கிறாள். மழைப் பாட்டைப் போட்டாள். ஜன்னல் எனக்கும் தெரிந்தது. இரண்டு சொட்டுக்கு நடுவே இருக்கும் இடைவெளி உட்பட.

மே 21

பகலெல்லாம் பாட்டு ஓடுகிறது என்று கீழ்வீட்டு அம்மா அவளிடம் சொன்னாராம். குறையாக இல்லை, நேற்று நடுவில் நின்ற பாட்டின் பெயர் என்ன என்று கேட்கவாம்.

மே 30

நூல்கண்டு டிராயரில் ஊசி தேடினேன். அந்த வெள்ளை ஒயர் இருந்தது. எடுத்து மடித்து மறுபடி அங்கேயே வைத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. நாலாவது தடவை வந்தபோது போர்டில் சிவப்புப் புள்ளி மட்டும். பச்சை இல்லை.

நான் பதறவில்லை. பதறியது அவள். கையில் அளவு டேப்போடு வந்து, "போச்சா? எல்லாம் போச்சா? இருநூறு சிடியும் போச்சா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

மகளுக்கு எழுதினேன். மெமரி கார்டு கெட்டிருக்கும், பாட்டெல்லாம் தனி டிஸ்கில்தானே இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று பதில் வந்தது. காட்டினேன்.

"அப்ப இன்னிக்கே சரி பண்ணிடுங்க."

"நாளைக்கு வேலை முடிஞ்சு வந்து…"

"இன்னிக்கே." அளவெடுக்கப் போகவேண்டிய இடத்துக்குப் போன் போட்டுத் தள்ளி வைத்தாள். என்னோடு கடைக்கு வந்தாள். புதுக் கார்டு, இன்னொன்று கைவசம் இருக்கட்டும் என்று உபரியாக ஒன்று. நான் இறக்கிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் நின்று, பச்சைப் புள்ளி மினுக்கும்வரை நகரவில்லை. பச்சை வந்ததும், "அளவெடுக்கப் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினாள், ஏதோ நான்தான் இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த மாதிரி.

ஜூன் 23, ஞாயிறு

மகள் அனுப்பிய அந்தப் புதுப் பாட்டை வாரத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். இன்று லாரிக்குள் ஏதோ ஒன்று எண்ணி எண்ணி அடிப்பது தெரிந்தது. இரண்டு கிடார் என்று எழுதினேன். "ஒரு கிடார்தான்பா, இன்னொண்ணு பியானோ" என்று பதில்.

ஒன்று சரி.

ஜூலை 2

நெட்டையன் ஸ்டோருக்கு வந்து கயிற்றுக் கொக்கி நாலு வாங்கிப் போனான். போகும்போது, நான் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பெட்டி அடுக்கியதாகச் சொன்னான். நான் இல்லை என்றேன். சுருதி சரியாக இருந்ததா என்று கேட்க வாய் வரவில்லை. அவனாகவே சொன்னான்: "மோசம்டா. நிறுத்தாத."

ஜூலை 14, ஞாயிறு

காலையில் பால்கனியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். தெருவைப் பார்த்த மாதிரி. ஹால் முதுகுக்குப் பின்னால். அங்கே அவள் ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் திரைச்சீலை வெட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளை, ஓரத்தில் நீலக் கோடு.

ஒரு ஷூ முடிந்தது. இரண்டாவதைக் கையில் எடுத்திருந்தேன்.

"ஏன் பாட்டை நிறுத்திட்ட?" என்று கேட்டேன்.

பதில் வந்திருந்தாலும் எனக்கு எட்டியிருக்காது. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். பால்கனிக் கதவில் நின்றுகொண்டிருந்தாள். வாயில் இரண்டு குண்டூசி, கையில் துணி. குண்டூசிகளை எடுத்துவிட்டு, என் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"திரை வளையம் எண்ணிட்டிருந்தேன். பாட்டு ஓடினா எண்ணிக்கை தப்புது. அதான்."

"சரி. எண்ணி முடிச்சுட்டுப் போடு."

அவள் போகவில்லை. அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிரஷ்ஷை எடுத்து ஷூவின் முனையைத் தேய்த்தேன். ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. இன்னும் தேய்த்தேன்.

எண்ணிக்கை மறந்துபோய்விட்டதாம். உள்ளே போய் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.